அட்டன்பரோ: ஓர் ஆற்றங்கரைச் சிற்றூரின் பெயர்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு ஆற அமர வாசியுங்கள்.

‘காந்தி’ திரைப்படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1982இல் வெளிவந்து எட்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற படம். இயக்கியவர் ரிச்சர்டு அட்டன்பரோ. காடுகளையும் கடல்களையும் தொலைக்காட்சி வழியே நம் வீட்டுக்குள் கொண்டுவந்த டேவிட் அட்டன்பரோ அவருடைய தம்பி. அண்ணன் தம்பி இருவரையும் உலகம் அறியும். ஆனால் அவர்கள் பெயரின் பின்பாதியில் ஒரு வரலாறு இருக்கிறது. அதை அறிந்தவர்கள் குறைவு.

‘அட்டன்பரோ’ இங்கிலாந்தின் அரிய குடும்பப் பெயர்களில் ஒன்று. அது எங்கே பிறந்தது, ஏன் அரிதாகவே இருக்கிறது, எப்படிப் பரவியது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். கடைசியில் நம் பிள்ளைகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை.

முதலில் அடிப்படை. ஒரே ஊரில் நான்கு முருகன்கள் இருந்தால் நாம் என்ன செய்வோம்? டெய்லர் முருகன், மேட்டுத்தெரு முருகன், நெட்டை முருகன், ராமசாமி மகன் முருகன் என்று பிரித்துச் சொல்வோம். ஆங்கிலேயரும் இதைத்தான் செய்தார்கள். தொழிலால் வந்த பெயர் டெய்லர், ஸ்மித். இடத்தால் வந்தது ஹில். உடல்வாகால் வந்தது லாங். தகப்பன் பெயரால் வந்தது ஜான்சன், அதாவது ஜான் மகன். இங்கிலாந்தின் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை இந்த நான்கு கூடைகளுக்குள் அடங்கிவிடும்.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் மேட்டுத்தெரு முருகனின் பட்டப்பெயர் அவரோடு முடிந்துவிடும். அவர் மகன் பள்ளத்தெருவுக்குக் குடிபோனால் அவன் பள்ளத்தெருக்காரன். இங்கிலாந்தில் அப்படி இல்லை. ஒரு கட்டத்தில் அந்த ஒட்டுப்பெயர் மகனுக்கும் பேரனுக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அது எப்போது நடந்தது? 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிக்கும் முன் அங்கே பரம்பரைக் குடும்பப் பெயர் வழக்கத்தில் இல்லை. ஆளுக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். நார்மன் நிலவுடைமையாளர்கள் தங்கள் நிலத்தின் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். நிலம் மகனுக்குப் போனபோது பெயரும் போனது. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இந்த வழக்கம் சாதாரண மக்களிடமும் பரவியது. அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பழைய ஆங்கிலப் பெயர்கள் வழக்கொழிந்து, வில்லியம், ஜான், ராபர்ட், ரிச்சர்டு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெயர்களே எங்கும் நிறைந்துவிட்டன. 1377இல் தொடங்கிய தலைவரிக்குக் கணக்கு எழுதியவர், எந்த ஜானிடம் வரி வாங்கினோம் என்று குறித்தாக வேண்டுமல்லவா?

இனி நம் பெயருக்கு வருவோம். நாட்டிங்ஹாம் நகருக்குத் தென்மேற்கே, டிரென்ட் ஆற்றங்கரையில் அட்டன்பரோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. பழைய தேவாலயம் ஒன்று, நாட்டிங்ஹாமிலிருந்து டார்பி செல்லும் ரயில்பாதை, சுற்றிலும் நீர்நிலைகள். ‘பரோ’ என்பது ‘புர்ஹ்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. அரண் செய்யப்பட்ட இடம் என்று பொருள். கேன்டர்பரியின் ‘பரி’யும் எடின்பர்க்கின் ‘பர்க்’கும் இதே சொல்லின் வேறு உருவங்கள்தாம். முற்பகுதி ‘ஆடா’ அல்லது அதையொத்த ஒரு மனிதரின் பெயர் என்று ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். ஆக, ஆடாவின் அரண். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்த யாரோ ஒருவர், தன் பெயரை ஊரில் விட்டுப் போயிருக்கிறார்.

இன்னொரு விளக்கமும் உண்டு. இடைக்கால ஆங்கிலத்தில் ‘அட்டன் பர்க்’ என்றால் ‘அரணுக்குப் பக்கத்தில்’ என்று பொருள். அரண் பக்கத்தில் குடியிருந்தவருக்கு அப்படிப் பெயர் வந்திருக்கலாம், ஊருக்கும் குடும்பப் பெயருக்கும் தொடர்பே இல்லாமல்கூட இருக்கலாம் என்பது அந்தக் கட்சி. இந்த வழக்கை மனத்தில் வைத்திருங்கள். தீர்ப்பு பின்னால் வருகிறது.

ஊர்ப்பெயர் குடும்பப் பெயராவதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஊரிலேயே இருப்பவருக்கு அந்தப் பெயர் வராது. மதுரையில் இருக்கும்வரை யாரும் ‘மதுரைக்காரர்’ இல்லை. சென்னைக்குப் போனபிறகுதான் மதுரைக்காரர். அட்டன்பரோவை விட்டு அடுத்த ஊருக்குக் குடிபோனவரைத்தான் ‘அட்டன்பரோ ஜான்’ என்று அழைத்திருப்பார்கள். அட்டன்பரோவிலேயே 1611இல் பிறந்த புகழ்பெற்ற மனிதர் ஹென்றி அயர்ட்டன். கிராம்வெல்லின் மருமகன். மன்னர் முதலாம் சார்லஸின் மரண உத்தரவில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அவருடைய குடும்பப் பெயரைப் பாருங்கள். அயர்ட்டன் என்பது பக்கத்து டார்பிஷயரில் உள்ள இடத்தின் பெயர். அங்கிருந்து வந்தவர்களின் வழியினர் என்பதை அட்டன்பரோவில் பிறந்தவரின் பெயர் சொல்கிறது.

இனி, ஏன் அரிது? ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார், எனவே ஊருக்கு ஊர் ஒரு ஸ்மித் குடும்பம் தனித்தனியாகத் தோன்றியது. இன்று இங்கிலாந்தில் அதிகம் பேர் தாங்கும் பெயர் அதுவே. இரண்டு ஸ்மித்கள் சந்தித்தால் உறவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஒரு சிற்றூரின் பெயரைத் தாங்கி வெளியேறியவர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்? ஒருவர், இருவர், மிஞ்சினால் ஒரு சிலர்.

அந்தச் சிலரின் பெயரும் நிலைப்பது எளிதல்ல. கரும்பலகையில் எழுதுவதுபோல ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நூறு ஆண்கள், நூறு வேறு வேறு குடும்பப் பெயர்கள். ஒவ்வொருவருக்கும் சரியாக இரண்டு பிள்ளைகள், எல்லாரும் நல்லபடியாக வளர்ந்து திருமணம் செய்துகொள்கிறார்கள் என்று வைப்போம். மக்கள்தொகை குறையவில்லை. ஆனால் இரண்டும் பெண்ணாகப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பெண் கணவனின் பெயரை எடுத்துக்கொள்வதால், முதல் தலைமுறையிலேயே 25 பெயர்கள் போய்விடும். இரண்டாம் தலைமுறை முடிவில் போனவை சுமார் 39. மூன்றாவதில் 48. ஐந்தாம் தலைமுறை முடிவில் ஏறத்தாழ 60. யாரும் சாகடிக்கவில்லை, பஞ்சமில்லை, போரில்லை. நூற்றுக்கு அறுபது பெயர்கள் காணாமல் போய்விட்டன. அந்தப் பெண்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் உயிரோடு நன்றாக இருக்கிறார்கள். பெயர் மட்டும் இல்லை.

பெயர்கள் இப்படி அழிவதைக் கணிதப் புதிராக்கி 1873இல் வெளியிட்டவர் பிரான்சிஸ் கால்டன். வெளிவந்த ஏடு ‘எஜுகேஷனல் டைம்ஸ்’, ஒரு கல்விப் பத்திரிகை. நம் தொழிலுக்கு இதில் கொஞ்சம் பெருமைதான்! உண்மை வாழ்க்கையோ கணக்கைவிடக் கொடியது. குடும்பப் பெயர்கள் வேரூன்றிக்கொண்டிருந்த காலத்தில்தான், 1348-49இல், கறுப்புச் சாவு என்ற கொள்ளைநோய் இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவர்களை வாரிக்கொண்டு போனது.

அதையெல்லாம் தாண்டி அட்டன்பரோ பெயர் பிழைத்தது. பிழைத்தாலும் வெகுதூரம் போகவில்லை. நாட்டிங்ஹாம்ஷயரும் அதன் சுற்றுப்புறமுமே அதன் தாய்வீடு. எழுத்து மட்டும் நிலையாக இல்லை. பரோ, பர்ரோ, ப்ரோ என்று எழுதியவர் காதில் விழுந்தபடி வால் மாறியது. 1538இல் தேவாலயங்கள்தோறும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெயர் சொன்னவருக்குப் பெரும்பாலும் எழுத்து தெரியாது. எழுதியவர் தம் காதை நம்பினார். சேர்க்கைப் பதிவேடு எழுதிய எந்த ஆசிரியருக்கும் இது புதிதல்ல. ஒரே வீட்டுப் பிள்ளைகள் ‘சரஸ்வதி’ மகன், ‘சரசுவதி’ மகள் என்று ஆனது நம் பள்ளிப் பதிவேடுகளிலும் உண்டு.

ஒரு கிளை லண்டனுக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டு லண்டனில் அட்டன்பரோ என்றால் பலருக்கும் நினைவுக்கு வந்தது அடகுக்கடைதான். ஃப்ளீட் தெருவிலும் அவர்களுடைய கடை இருந்தது. கடிகாரத்தையும் மோதிரத்தையும் வைத்துக் காசு வாங்கிப்போன லண்டன்வாசிகளுக்கு அது பழகிய பெயர்.

மற்றவர்கள் மண்ணை விட்டு நகரவில்லை. ரிச்சர்டு, டேவிட் இருவரின் தந்தை பிரெடரிக் அட்டன்பரோ 1887இல் பிறந்தது ஸ்டேப்பிள்ஃபோர்டில். பெயர் தந்த ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. அவரும் பள்ளி ஆசிரியராகத் தொடங்கியவர். பிறகு கேம்பிரிட்ஜ் சென்று படித்து, பழைய ஆங்கில அரசர்களின் சட்டங்களைப் பதிப்பித்த அறிஞரானார். லண்டனுக்கு அருகே ஐல்வொர்த்தில் இருந்த பரோ ரோடு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பட்டயம் வாங்கி வேலைக்கு வந்த எனக்கு, இதை முதலில் படித்தபோது சொந்தக்காரர் ஒருவரைக் கண்டதுபோல் இருந்தது. 1932இல் அவர் லெஸ்டர் நகரின் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு முதல்வராகச் சென்று கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் அதை வளர்த்தார். 1957இல் அது முழுப் பல்கலைக்கழகமானது. அதன் உயரமான கட்டடம் ஒன்றுக்கு இன்றும் அட்டன்பரோ கோபுரம் என்றே பெயர்.

இப்போது வழக்கின் தீர்ப்பு. அதே லெஸ்டர் பல்கலைக்கழகத்தில்தான் 1984இல் அலெக் ஜெஃப்ரீஸ் டிஎன்ஏ கைரேகை முறையைக் கண்டுபிடித்தார். அங்கேயே டூரி கிங், மார்க் ஜோப்ளிங் என்ற இரு ஆய்வாளர்கள் குடும்பப் பெயருக்கும் ஒய் குரோமோசோமுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார்கள். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். இங்கிலாந்துக் குடும்பப் பெயரும் அப்படியே. அப்படியானால் ஒரே பெயருடையவர்களின் ஒய் குரோமோசோமும் ஒன்றாக இருக்குமா? நாற்பது குடும்பப் பெயர்களை நுணுக்கமாக ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்மித்களின் ஒய் குரோமோசோம் வழிப்போக்கர்களுடையதைப் போலவே பலவகையாக இருந்தது. அட்டன்பரோக்களிலோ பத்துப் பேருக்கு ஏறத்தாழ ஒன்பது பேரிடம் ஒரே வகை! வெவ்வேறு எழுத்தில் பெயரை எழுதுபவர்களிடமும் அதே வகைதான்.

‘அரணுக்குப் பக்கத்தில்’ என்று பல ஊர்களில் தனித்தனியே தோன்றிய பெயராக இருந்தால் இப்படி வர வாய்ப்பு மிகக் குறைவு. ஒன்று, ஒரே ஒரு மனிதர் இந்தப் பெயரைத் தொடங்கியிருக்க வேண்டும். அல்லது சிலர் தொடங்கி, மேலே பார்த்த கணக்கின்படி மற்றவர் வழிகள் அற்றுப்போய் ஒருவர் வழி மட்டும் தழைத்திருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் இன்று இந்தப் பெயரோடு இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒரே பாட்டனின் வழிவந்த தூரத்துப் பங்காளிகள்.

இதைக் கேட்டதும் சிலருக்கு நெஞ்சு நிமிரும். ‘பார்த்தீர்களா, வம்சம், ரத்தம்!’ என்பார்கள். அவர்களுக்காக இரண்டு செய்திகள்.

முதல் செய்தி யார்க்ஷயரிலிருந்து. இதே ஆய்வுக் குழு 2007இல் அப்பகுதியின் அரிய குடும்பப் பெயர் ஒன்றை ஆராய்ந்தது. அந்தப் பெயருடைய 18 ஆண்களைச் சோதித்ததில் 7 பேரிடம் ஆப்பிரிக்காவுக்கே உரிய, மிக அரிய ஒய் குரோமோசோம் வகை இருந்தது. அவர்கள் பார்வைக்கு மற்ற ஆங்கிலேயர்களைப் போன்றவர்களே. எத்தனையோ தலைமுறைக்கு முன் ஆப்பிரிக்காவில் வேர்கொண்ட ஒரு மனிதரின் வழி, யாருக்கும் தெரியாமல் ஓர் ஆங்கிலப் பெயருக்குள் வாழ்ந்துகொண்டிருக்கிறது. பெயர் எதை வெளிச்சமிடுகிறதோ அதைவிட அதிகம் மூடிவைக்கிறது.

இரண்டாவது செய்தி அரச குடும்பத்திலிருந்து. 1485இல் போரில் இறந்த மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012இல் லெஸ்டர் நகரின் வாகன நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தது. அதன் மரபணுச் சோதனைக்குத் தலைமை தாங்கியவரும் டூரி கிங்தான். அரசவம்சத்து ஆண்வழியில் வந்தவர்களாக ஏட்டில் பதிவான ஐந்து பேரின் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டார்கள். ஒன்றுகூட மன்னருடையதோடு பொருந்தவில்லை. பட்டமும் பட்டயமும் வைத்துக் காத்த தந்தைவழி எங்கோ அறுந்திருந்தது. எது பொருந்தியது தெரியுமா? தாய்வழி. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்குப் போகும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ. மன்னரின் சகோதரி ஆன் வழியாக, மகள், மகளின் மகள் என்று வந்த இருவருடைய மரபணு மன்னருடையதோடு ஒத்துப்போனது. ஒவ்வொரு தலைமுறையிலும் திருமணத்தால் குடும்பப் பெயர் மாறிய வழி அது. ஐந்நூறு ஆண்டுகள் பெயரில்லாமலேயே அந்த இழை அறுபடாமல் வந்திருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு நினைவுக்கு வருபவர்கள் நம் ஊர்த் தாய்மார்கள். சேர்க்கைப் படிவத்தில் ‘தந்தை பெயர்’ என்ற கட்டத்துக்கு நேராகப் பேனாவை நிறுத்திவிட்டுத் தலைகுனிந்து நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையைப் பெற்று, கூலிவேலை செய்து வளர்த்து, கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்து வந்தவர் எதிரில் நிற்கிறார். படிவமோ இல்லாத ஒருவரைக் கேட்கிறது.

அட்டன்பரோ வீட்டிலும் பெயருக்கு அடங்காத ஒரு கதை உண்டு. 1939இல் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த இரு யூதச் சகோதரிகள் லெஸ்டருக்கு வந்தார்கள். அங்கிருந்து அமெரிக்காவிலுள்ள உறவினரிடம் போவதாக ஏற்பாடு. போர் மூண்டு பயணம் நின்றுபோனது. பிரெடரிக்கும் அவர் மனைவி மேரியும் தங்கள் மூன்று மகன்களையும் அழைத்து நிலைமையைச் சொல்லி, சம்மதம் கேட்டு, அந்தச் சிறுமிகளைத் தம் பிள்ளைகளாக வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, ஏழு ஆண்டுகள். ரிச்சர்டு அட்டன்பரோ பின்னாளில் இதைத் தம் வாழ்வின் முக்கியமான பாடமாகப் பலமுறை பேசியிருக்கிறார். அந்தப் பெண்களுக்கு அட்டன்பரோ என்ற பெயரும் இல்லை, அந்த ஒய் குரோமோசோமும் இல்லை. ஆனாலும் அந்த ஐவரும் உடன்பிறப்புகளாகவே வளர்ந்தார்கள்.

பெயரின் பயணமும் இன்னும் நிற்கவில்லை. அட்டன்பரோ ஊரில் பல்லாண்டுகள் சரளைக்கல் தோண்டியதால் ஏற்பட்ட பள்ளங்களில் நீர் நிறைந்து பறவைகள் வந்து சேர்ந்தன. 1966இல் அது இயற்கைக் காப்பிடமானது. திறந்துவைத்தவர் டேவிட் அட்டன்பரோ. ஊரைவிட்டுப் போன பெயர் ஊருக்கே திரும்பி வந்து நாடா வெட்டியதுபோல! பிலிப்பைன்ஸ் நாட்டின் பலாவன் தீவில் கண்டறியப்பட்ட பெரிய குடுவைத் தாவரத்துக்கு 2009இல் அவர் பெயரையே வைத்தார்கள். தென்துருவக் கடலுக்குச் செல்லும் ஆய்வுக்கப்பலுக்கும் அதே பெயர். ஆடா என்ற மனிதர் இதையெல்லாம் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

இப்போது உங்களுக்கு. நம் மாணவர்கள் பலர் வெளிநாடுகளில் இருக்கிறீர்கள். அங்கே ‘குடும்பப் பெயர்’ கட்டத்தில் எதை எழுதுவது என்ற குழப்பம் உங்களுக்கு உண்டு. சிலர் அப்பா பெயரை எழுதுகிறீர்கள், சிலர் ஊர்ப் பெயரை. ஓரிருவர் தாத்தா காலத்தில் உதறிய சாதிப் பட்டத்தைத் தேடி எடுத்து ஒட்டவைக்கலாமா என்று என்னிடமே கேட்டீர்கள். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டு, பெயருக்குப் பின்னால் இருந்ததை வெட்டி எறிந்த நாட்டின் பிள்ளைகள் நாம். அதை விமானம் ஏற்றிக் கொண்டுபோக வேண்டாம் என்பது என் கருத்து.

நீங்கள் இன்று எழுதும் சொல் உங்கள் பிள்ளையோடு நிற்காது. அந்த நாட்டு வழக்கப்படி பேரன், கொள்ளுப்பேரன் என்று போகும். அடுத்த ஊருக்குக் குடிபோன ஓர் ஆங்கிலேயரின் பெயர் எழுநூறு ஆண்டு கடந்து நம் காதுவரை வந்துவிட்டதே! ஆகவே யோசித்து எழுதுங்கள். பாட்டனின் பெயரை எழுதலாம். ஊர்ப் பெயரை எழுதலாம். அம்மாவின் பெயரையும் எழுதலாம், அதில் குறைவு ஒன்றுமில்லை.

பாடம் முடிந்தது. வீட்டுப்பாடம் ஒன்று உண்டு. உங்கள் அம்மாவின் பெயர், அவருடைய அம்மாவின் பெயர், அந்தப் பாட்டியின் அம்மா பெயர், இப்படி எத்தனை பெயர்கள் உங்களுக்குத் தெரியும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மூன்றாவதிலேயே பலருக்குப் பேனா நின்றுவிடும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்களை எந்த அரசாங்கப் பதிவேடும் உங்களுக்காகக் காத்துவைக்கவில்லை. அவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கின்றன.

எழுதியவர்கள் கீழே கருத்தில் பதியுங்கள். நானும் வாசிக்கிறேன். மதிப்பெண் கிடையாது, ஆனால் எல்லாருடைய தாளையும் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய ஆசிரியர்